வழிக்கு ஒரு கூடை ஆரஞ்சு

என் அப்பா எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாதம், எஸ்டேட் கொடுத்திருந்த எங்கள் லைன் வீட்டு வாசலில் வேறொரு குடும்பத்தின் பாத்திர மூட்டை காத்துக் கிடந்தது. அப்பாவுக்குப் பிறகு மேஸ்திரி ஆனவருடைய மூட்டை. அவர்கள் நல்ல மனிதர்கள்தான். "மெதுவா காலி பண்ணுங்க மாமா, என்ன அவசரம்" என்று சொன்னார்கள். ஆனாலும் அந்த மூட்டையைச் சுற்றிக்கொண்டுதான் அம்மா தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வரவேண்டியிருந்தது. நான் அப்போது கல்லூரி முடித்திருந்தேன். அப்பா சேலத்தில் தன் தம்பி வீட்டுப் பின்கட்டில் ஓர் அறையில் போய் இருந்தார். மலையிலேயே இருந்து பழகிய உடம்பு. அந்தத் தகரக் கூரையின் சூட்டில் ஈரத்துண்டை நெஞ்சில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதிக நாள் உயிரோடு இருக்கவில்லை.

எனக்கு அமைந்த கணவரும் எஸ்டேட்காரர்தான். ஏற்காட்டில் மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். ஆட்களின் வருகை, கூலி, பறித்த பழத்தின் எடை எல்லாம் அவர் கையில். நான் அருகிலிருந்த சிறிய தனியார் பள்ளியில் டீச்சர். பென்ஷன் இல்லாத வேலை. எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் இருந்தது. லைன் வீட்டைவிட வசதியானது. முன்னால் ரோஜாச்செடி வைக்க இடம்கூட உண்டு. மகள் அங்கேதான் பிறந்தாள். ஆனால் ஆணியில் தொங்கும் அந்த வீட்டுச் சாவியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் வாசலில் கிடந்த மூட்டை நினைவுக்கு வரும். என் கணவர் ஓய்வு பெறும் நாளில் நாங்கள் எங்கே போவோம்? மற்ற எல்லாக் கவலையும் எனக்கு இந்த ஒரே கேள்வியிலிருந்து கிளைத்தவைதான்.

அதனால் மிச்சம் பிடித்தோம். சீட்டுப் போட்டோம், தபாலாபீசில் கட்டினோம், மகளுக்கென்று கொஞ்சம் நகை சேர்த்தோம். அவருடைய பி.எஃப். பணம் தனியாக வளர்ந்துகொண்டிருந்தது. அதைத் தொடவேண்டுமென்றால் இடம் வாங்கத்தான் தொடவேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து ஒரு மனை விற்பனைக்காரர் வேன் அனுப்பியிருந்தார். பள்ளியில் என்னோடு வேலை பார்த்த டீச்சர்கள் சிலரும் குடும்பத்தோடு வந்தார்கள். பொட்டல்வெளி. கலர் கலராகக் கொடிகள். இங்கே பஸ் ஸ்டாண்டு வரும், அங்கே ஆஸ்பத்திரி வரும் என்று ஒரு பையன் குச்சியால் காட்டினான். பந்தல் போட்டுப் பிரியாணி போட்டார்கள். திரும்பி மலையேறும்போது நான் என் கணவரைப் பார்த்தேன்.

"ஏனுங்க, எப்படி இருந்துச்சு?"

"பிரியாணி நல்லாருந்துச்சு புள்ள. எடந்தான் இன்னும் வேகல."

வேனே சிரித்தது. எனக்கும் நிம்மதி. அப்பாவின் ஈரத்துண்டு ஞாபகம் இருந்ததால் கீழே போய் வாழ எனக்கு மனமில்லை. மலையிலேயே ஒரு துண்டு நிலம், இரண்டு அறை, கொஞ்சம் மிளகு, கொஞ்சம் காபி. கை கால் ஓய்ந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை ஏதோ விளைச்சல் வரும். அதுதான் எங்கள் பென்ஷன் என்று முடிவு செய்துகொண்டோம்.

அப்படித்தான் தலைச்சோலையில் அந்த இடம் வந்தது. விற்றவர் அந்த மலையிலேயே காலங்காலமாக விவசாயம் செய்யும் குடும்பம். என் கணவருக்கு ஓரிரு வயது மூத்தவர். நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். மகனை நர்ஸிங் படிக்கவைக்கத் தன் நிலத்தின் கீழ்ப்பகுதியை மட்டும் விற்க நினைத்தார். சரிவான நிலம். உயர்ந்த சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக்கொடி, கீழே காபி, ஓரமாக ஓர் ஊற்று. நிலத்துக்குக் கீழே, ரோட்டுக்கும் இதற்கும் நடுவே இருந்தது, என் அப்பா மேஸ்திரியாக இருந்த அதே எஸ்டேட். ரோட்டிலிருந்து அந்த எஸ்டேட்டின் நடுவாக ஜீப் போகும் மண்பாதை ஒன்று மேலேறி அவர் நிலத்தின் விளிம்பில் முடியும். சின்ன வயதில் அந்தப் பாதையில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

நாங்கள் கவனமாகத்தான் இருந்தோம். ஏமாந்தவர்களின் கதைகளை நிறையக் கேட்டிருந்தோம். பட்டாவைத் தாலுகா ஆபீசில் காட்டி விசாரித்தோம். வில்லங்கச் சான்று போட்டோம். பங்காளிகள் எல்லோரையும் கையெழுத்துக்குக் கூட்டிவரச் சொன்னோம். கோடையில் போய் ஊற்று வற்றாமல் இருக்கிறதா என்று பார்த்தோம். பத்திரம் எழுதுபவர் நான்கு எல்லையையும் எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நிலத்துக்கு வழி எப்படிங்க?"

"வழியா? எஸ்டேட் வழி இருக்குதுங்க. ஜீப்பே போகும்" என்றார் என் கணவர்.

"அத எழுதணுமா?"

நான் சிரித்துவிட்டேன். "அந்த வழியில நான் நடக்கக் கத்துக்கிட்டதுல இருந்து போய்ட்டிருக்கேனுங்க. அத எதுக்கு எழுதிக்கிட்டு?"

நிலத்தை விற்ற அண்ணாவும் சிரித்தார். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பாதை என்பது காற்று மாதிரி. எந்த எஸ்டேட்டின் நடுவிலும் நாங்கள் எல்லோரும் நடப்போம். மாரமங்கலம் பஸ்ஸைப் பிடிக்க நான்கு எஸ்டேட் தாண்டி ஓடியிருக்கிறோம். யாருடைய பாதை என்று கேட்டதே இல்லை. கீழ்நாட்டில் வயல் வரப்புக்குச் சண்டை போட்டுப் பழகிய யாராவது எங்களோடு அன்று இருந்திருந்தால் அந்தப் பேனாவை மூட விட்டிருக்கமாட்டார்.

இரண்டு பருவம் மிளகு பறித்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் எந்த இடத்தில் வீடு, எந்தப் பக்கம் அடுப்படி என்று கல் வைத்துப் பார்ப்போம். மகள் சேலத்தில் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்தால் தன் அறைக்கு ஜன்னல் எந்தத் திசையில் என்று சண்டை போடுவாள்.

பிறகு அந்த எஸ்டேட் கைமாறியது. பழைய முதலாளியின் பிள்ளைகள் வெளிநாட்டில், அவர்களுக்கு வேண்டாம். வாங்கியவர்கள் பங்களாவை விருந்தினர் விடுதி ஆக்கினார்கள். ஒரு ஞாயிறன்று நாங்கள் போனபோது பாதை தொடங்கும் இடத்தில் இரும்புக் கேட் நின்றது. சங்கிலி, பூட்டு. உள்ளே ஒரு நாற்காலியில் வாட்ச்மேன். பார்த்தால் என்னோடு லைனில் விளையாடியவன்.

"அட, நீயா! கேட்டத் தொற சாமி."

அவன் எழுந்து நின்றான். ஆனால் சாவியை எடுக்கவில்லை.

"அக்கா, உங்கள உட்டா எல்லாரையும் உடோணும்னு சொல்றாங்க. வெளியாள் யாரும் வரக்கூடாதுன்னு ஆர்டர்."

"நான் வெளியாளா? உன்ற மூக்க ஒழுகவிட்டுக்கிட்டு என் பின்னாலதானடா ஸ்கூலுக்கு வந்தே?"

"வந்தேங்க்கா. யாரு இல்லீன்னா? அதையச் சொன்னா மேனேஜரு சிரிப்பாரு. என்ற பொழப்பக் கெடுத்துராதீங்க்கா."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குமேல் அவனிடம் என்ன பேசுவது?

நிலத்தை விற்ற அண்ணாவைத் தேடிப் போனோம். அவர் பதறவில்லை. "மேவழி இருக்குதுங்களே ரைட்டரு. எங்கூட்டு நெலத்து வழியா வாங்க, நான் வேண்டாம்பனா?" என்றார். மேல்வழி என்பது அவர்கள் ஊரிலிருந்து கோயில்காட்டின் நடுவாக இறங்கி, அவர் நிலத்தைக் கடந்து, எங்கள் நிலத்துக்கு வரும் ஒற்றையடிப் பாதை. செங்குத்து. கோயில்காட்டின் எல்லை தொடங்கும் இடத்தில் எல்லோரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காட்டில் மண்வெட்டி படக்கூடாது, வண்டி போகக்கூடாது. அது அந்த ஊரின் கட்டுப்பாடு; அதில் நாங்கள் தலையிட நினைக்கவே முடியாது. நடந்து போகலாம், வரலாம். ஆனால் செங்கல்லும் சிமென்ட்டும் எப்படிப் போகும்? என் கணவருக்கு முழங்கால் தேய்ந்திருந்தது. அன்று மேல்வழியில் இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவருடைய செருப்பையும் சேர்த்துக் கையில் வைத்துக்கொண்டு அவர் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஓய்வுக்கு ஒரு வருடத்துக்கும் குறைவாகத்தான் இருந்தது.

சேலத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். பொறுமையான மனிதர். நீண்ட காலமாகத் தடையில்லாமல் ஒரு பாதையைப் பயன்படுத்தியிருந்தால் அது உரிமையாகிவிடும், கோர்ட்டில் கேட்கலாம் என்றார். எனக்கு உயிர் வந்தது. நான் அந்தப் பாதையில் நடந்த கதையையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "உங்க அப்பா அந்த எஸ்டேட்ல வேலை பார்த்தார். அதனால நீங்க அவங்க அனுமதியில நடந்தீங்கன்னு சொல்லிடுவாங்கம்மா. உங்க நடை செல்லாது. நிலத்தை வித்தவரோட குடும்பம் எப்படி நடந்தாங்கங்கறதுதான் முக்கியம். அவரைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அடுத்த வாரம் அண்ணா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்களோடு பஸ்ஸில் வந்தார். வரும் வழியெல்லாம், "ஒண்ணும் பயப்படாதீங்க அம்மிணி, நான் உள்ளத உள்ளபடி சொல்றேன்" என்றார். வக்கீல் அவரிடம் கேட்டார்.

"எத்தனை காலமா அந்தப் பாதையில போறீங்க?"

"எங்க பாட்டன் காலத்துல இருந்துங்க. காபி மூட்ட அந்த வழியிலதாங்க எறங்கும்."

வக்கீல் எழுதினார். என் கணவர் என்னைப் பார்த்தார்.

"யாராவது தடுத்தாங்களா?"

"எதுக்குங்க தடுக்கறாங்க? நாங்க ஒரு நாளும் கேக்காம நடந்ததில்லீங்களே!" அண்ணா நிமிர்ந்து உட்கார்ந்தார். "தை பொறந்ததும் மொதக் காரியம், நல்ல பழமாப் பாத்து ஒரு கூட கமலா ஆரஞ்சு. பங்களாவுக்குக் கொண்டுபோய் வெச்சுட்டு, இந்த வருசமும் உங்க வழியில நடந்துக்கறமுங்க தொரைன்னு கேட்டுட்டுத்தான் போவோம். எங்க பாட்டன் வெள்ளக்காரத் தொரைக்குக் குடுத்தாரு. எங்கப்பாவும் நானும் அப்பறம் வந்தவங்களுக்குக் குடுத்தோம். ஒரு வருசம் தவறினதில்லீங்க. அடுத்தவன் மண்ண ஓசியில மிதிக்கற பழக்கம் எங்க வம்சத்துலயே கெடையாதுங்க."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். எனக்கு முதலில் புரியவில்லை. அண்ணாவுக்கும் புரியவில்லை, பெருமையாக என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வக்கீல்தான் மெல்லச் சொன்னார். கேட்டுக்கொண்டு நடந்தால் அது அனுமதி. அனுமதியில் நடந்தால் எத்தனை தலைமுறை நடந்தாலும் உரிமை ஆகாது.

"அப்ப, கேக்காமத் திருட்டுத்தனமா நடந்திருந்தா எங்க வழியாகியிருக்குமுங்களா?" என்று கேட்டார் அண்ணா.

"திருட்டுத்தனமா இல்ல. என் வழின்னு வெளிப்படையா நடந்திருந்தா."

"அப்படி எப்படிங்க நடக்க முடியும்? அவங்க மண்ணாச்சே."

பஸ்ஸில் திரும்பும்போது அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். ஒரு கொண்டை ஊசி வளைவில் மட்டும், "அந்தக் கூடையச் சொல்லாம இருந்திருக்கலாமுங்களா?" என்றார். என் கணவர் அவர் தோளைத் தட்டி, "அதெல்லாம் இல்லீங்க, உடுங்க" என்றார். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. பொய் சொல்லாத ஒரு மனிதரிடம் நிலம் வாங்கினோம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான்.

வக்கீல் முழுதாகக் கைவிடவில்லை. கேஸ் போட்டுவைக்கலாம், வேறு சாட்சி தேடலாம், வருடங்கள் ஆகும் என்றார். ஒரு எச்சரிக்கையும் சொல்லியிருந்தார். "இடையில நீங்க போய் அவங்ககிட்ட வழி கேட்டுடாதீங்க. கேட்டீங்கன்னா, உங்களுக்கு உரிமை இல்லைன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி."

ஆக, கேட்காமல் இருந்தால் கேஸ் உயிரோடு இருக்கும், வீடு இருக்காது. கேட்டால் ஒருவேளை வீடு வரும். அந்தப் பாதை எந்தக் காலத்திலும் எங்களுடையது ஆகாது. மகளுக்கும் ஆகாது. இதைப் பேசிப் பேசியே அந்த மார்கழி போனது. வாடகைக்குப் போகலாம் என்றார் என் கணவர். ஏற்காடு டவுனில் விசாரித்தோம். நல்ல வீடுகளையெல்லாம் சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டிருந்தார்கள். நிலத்தை விற்கலாமென்றால் வழியில்லாத நிலத்தை யார் வாங்குவார்கள்? கேட்டதெல்லாம் ஒரே ஆள், அந்த விடுதிக்காரர்கள். அவர்கள் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு என் கணவர் சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

தை பிறந்ததும் நான் சந்தையில் ஆரஞ்சு வாங்கினேன். அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வாங்கினேன். அவர் முகம் கழுவிக்கொண்டு கூடவே வந்தார். கேட்டில் அந்த வாட்ச்மேன் கூடையைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, போன் போட்டுக் கேட்டுவிட்டு எங்களை உள்ளே விட்டான்.

மேனேஜர் சின்ன வயசு. என் மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவராக இருப்பார். கூடையைப் பார்த்துக் குழம்பினார்.

"இது எதுக்கு மேடம்? இங்கே கிச்சனுக்கு எல்லாம் சேலத்துல இருந்தே வந்துடுது."

"பழக்கமுங்க. இந்த வழியில நடக்கறவங்க வருசத்துக்கு ஒருக்கா குடுக்கறது."

"ஓ, வழியா? நீங்க பர்மிஷன் கேக்கறீங்களா?"

வக்கீல் கேட்கக் கூடாது என்றது இதைத்தான். என் கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பழைய காபி உலர்த்தும் களத்தில் குடைகளும் நாற்காலிகளும் போட்டிருந்தார்கள். என் அம்மா முதுகு வெந்து காபி கிளறிய களம்.

"ஆமாங்க. கேக்கறோம்" என்றேன்.

அவர் மோசமானவர் இல்லை. முதலாளியிடம் பேசி ஒரு தாள் கொடுத்தார். வீடு கட்டும்வரை வண்டி போகலாம். அதற்குப் பிறகு நடந்தும் டூவீலரிலும் போகலாம். நிர்வாகம் நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் இந்த அனுமதியை ரத்து செய்யலாம். என் கணவர் கையெழுத்துப் போட்டார். வக்கீலிடம் போனில் சொன்னபோது, "சரிம்மா, வீட்டையாவது சீக்கிரம் கட்டுங்க" என்றார்.

கட்டினோம். இரண்டு அறை, ஓர் அடுப்படி, சிமென்ட் ஷீட் கூரை. மகள் கேட்ட திசையில் ஜன்னல். குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்த நாளில் எங்கள் வாசலில் யாருடைய மூட்டையும் இல்லை. அந்த மட்டுக்கும் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

இதையெல்லாம் இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் போன மாதம் நடந்தது. மகள் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். அவளைப் பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸில் வந்து இறங்கினோம். தூறல். கேட்டில் புது வாட்ச்மேன். பழையவனைக் கீழே வேறொரு விடுதிக்கு மாற்றிவிட்டார்களாம்.

"யாருங்க நீங்க? ரூம் புக் பண்ணியிருக்கீங்களா?"

"எங்க ஊடு மேல இருக்குதுங்க."

"மேல ஊடா? மேல எஸ்டேட்டுதானுங்களே இருக்குது. பர்மிஷன் லெட்டர் இருக்குதுங்களா?"

லெட்டர் இருந்தது. வீட்டுக்குள், பீரோவில், பூட்டிய கேட்டுக்கு அந்தப் பக்கம்.

என் கணவர் சிரிக்க ஆரம்பித்தார். எனக்குப் பயமாகிவிட்டது, அப்படி ஒரு சிரிப்பை அவரிடம் நான் கேட்டதில்லை. மேனேஜர் போனை எடுக்கவில்லை. மேல்வழியில் போக என் கணவரின் காலுக்கு முடியாது. கேட் ஓரமாக ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் பைகளை வைத்துவிட்டு நின்றோம். அந்த மரத்தை நட்டது என் அப்பாவின் ஆட்களாக இருக்கலாம். விடுதியின் ஜீப் விருந்தினர்களோடு வந்து, டிரைவர் எங்களை அடையாளம் சொல்லி, கேட் திறக்கும்வரை நின்றோம். இப்போதும் மதியம் சங்கிலிச் சத்தம் கேட்டால், பூட்டுகிறார்களா, திறக்கிறார்களா என்று கவனித்துக்கொண்டே அரிசி களைகிறேன்.

மகளிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"வித்துட்டு என்கூட வந்துடுங்கம்மா."

"யாருக்கு விக்கறது கண்ணு?"

அவளுக்கும் தெரியும். எங்கள் ஆயுள் சேமிப்பை வாங்க இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அந்த ஆளுக்கு அவசரம் எதுவும் இல்லை. எங்களுக்குப் பிறகு அவள் கையில் நாங்கள் வைத்துவிட்டுப் போகப்போவது இதைத்தான்.

நேற்று என் கணவர் அண்ணாவின் தோட்டத்திலிருந்து கமலா ஆரஞ்சுக் கன்று நான்கைந்து வாங்கி வந்தார். ஊற்றுப் பக்கமாகக் குழி எடுத்தார்.

"இது எதுக்குங்க இப்ப?"

"வருசா வருசம் சந்தையில வாங்கிக்கிட்டு எதுக்கு? வாங்கின பழத்துல ருசியும் இல்ல புள்ள. மேனேஜரே போன தடவ புளிக்குதுன்னாரு."

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் மண்ணில், எங்கள் தண்ணீரில், அவர்களுக்குக் கொடுப்பதற்காக மரம் வளர்க்கிறோமா? அது காய்க்க எத்தனை வருடம் ஆகும்? அதற்குள் அவர் முழங்கால் என்ன ஆகும்? நாங்கள் இல்லாத தையில் யார் இந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள்? கோயம்புத்தூரிலிருந்து லீவு போட்டுக்கொண்டு அவளா வருவாள்?

கேட்க வாயெடுத்தேன். அவர் மண்டியிட முடியாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, கன்றின் வேரடியில் இரண்டு கையாலும் மண் அணைத்துக்கொண்டிருந்தார். கீழே கேட்டின் சங்கிலி சத்தம் கேட்டது. இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினோம். ஏதோ கார் உள்ளே வந்தது. அவர் திரும்பவும் மண்ணை அணைத்தார். நான் ஊற்றில் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்து, மண் கரையாமல், மெதுவாகத் தண்ணீர் ஊற்றினேன்.